சாப்பிட்டாச்சு, யாரோடு?

நான் வேலை செய்யும் விடுதியில் அவரை எல்லோரும் ‘டாக்டர் சாப்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை. படித்து வாங்கும் டாக்டர் பட்டத்தையும் அப்போது வாங்கியிருக்கவில்லை. அதை வாங்கத்தான் எத்தியோப்பியாவிலிருந்து டெல்லிக்கு வந்திருந்தார். “இன்னும் ஆகலை பையா, ஆகலை” என்று ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தார். மெஸ்ஸில் ஒருவருக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டால் அவர் ஊரைவிட்டுப் போன பிறகும் அது போகாது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இன்றும் ஜன்னலோர மேசைக்கு டாக்டர் சாப் மேசை என்றுதான் பெயர்.

நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், ஒல்லி உடம்பு, பாதி நரைத்த குறுந்தாடி. ஊரில் கல்லூரி வாத்தியார். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் அங்கே இருந்தார்கள். மற்ற மாணவர்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது. அவர்கள் நடுவில் இவர் கல்யாண வீட்டுக்கு வந்த தாய்மாமன் மாதிரி, எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு திரிவார்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யாராவது “சாப்பிட்டாச்சு” என்று சொன்னால் நாமெல்லாம் “சரி” என்போம். அவர் “யாரோடு?” என்று கேட்பார்.

“தனியாத்தான் டாக்டர் சாப்.”

“அப்படின்னா சாப்பிடலை. வா.”

இதை அவர் வேடிக்கைக்குச் சொல்வதில்லை. உண்மையிலேயே இழுத்துக்கொண்டு போய் உட்கார வைப்பார். வயிறு நிறைந்தவன் ஒரு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டாவது அவர் மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். பரீட்சைக் காலத்தில் பையன்கள் அவர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் விடுதியில் பாதிப் பேர் வெளிநாட்டு மாணவர்கள். உஸ்பெகிஸ்தான், கொரியா, மங்கோலியா, மொரீஷியஸ், ஆப்கானிஸ்தான். மீதிப் பேர் நம் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள். இத்தனை பேரும் ஒரே கூடத்தில்தான் சாப்பிட்டார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தட்டுக்கு எதிரில் ஒரு போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அவரவர் ஊரைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். டாக்டர் சாப்புக்கு அது பொறுக்காது. எங்கள் எவர்சில்வர் தட்டின் மேலேயே அவருக்குக் கோபம். “இது தட்டா, ஜெயிலா? சோத்துக்கு ஒரு ரூம், பருப்புக்கு ஒரு ரூம். ஒண்ணை ஒண்ணு பாக்கக் கூடாதா?” என்பார். அவர் ஊரில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து கையால் எடுத்துச் சாப்பிடுவார்களாம்.

கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஜன்னலோர மேசை நிறைந்தது. அங்கே ஒரு கொரியப் பெண் உட்காரும். மேசையில் வயதில் மூத்தவர் கை வைக்காமல் அது ஸ்பூனைத் தொடாது. அது அவர்கள் வழக்கம். மூத்தவர் டாக்டர் சாப். அவரோ எல்லோரும் வந்து உட்காராமல் கை வைக்க மாட்டார். மங்கோலியப் பையன் எப்போதும் தாமதம். இப்படி ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து சப்பாத்தியெல்லாம் அப்பளமாக விறைத்துவிடும். அந்த மங்கோலியப் பையன் கீரையைக் கண்டால் “இது ஆட்டுக்கு, ஆடு எனக்கு” என்று சொல்லி மொரீஷியஸ் பையன் தட்டில் தள்ளிவிடுவான். சத்தமும் சிரிப்பும் அடுப்படி வரை கேட்கும்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது விரதத்தால். அவர்கள் கிறிஸ்தவத்தில் புதனும் வெள்ளியும் விரதம். கறி, முட்டை, பால், தயிர், நெய் எதுவும் ஆகாது. பிற்பகல் மூன்று மணி வரை பச்சைத்தண்ணீர்கூட இல்லை. எங்கள் தலைமைச் சமையல்காரர் கட்வால் மலைப்பக்கத்துக்காரர், பக்திமான், எல்லோருக்கும் பண்டிட்ஜி. விரதம் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். முதல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு பெரிய டம்ளர் பாலும், கிண்ணம் நிறைய தயிரும், பன்னீரும், பழமும் எடுத்து வைத்தார். டாக்டர் சாப் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, “சோறும் பருப்பும் இருக்கா?” என்று கேட்டார்.

“சோறா? சோறு தின்னா அது விரதமா டாக்டர் சாப்?”

“பால் குடிச்சா அது விரதமா பண்டிட்ஜி?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் மதத்தில் ஆகாதது அவர் மதத்தில் விரதச் சாப்பாடு. அவருக்கு ஆகாதது இவருக்கு விரதச் சாப்பாடு. நான் எனக்கென்று வைத்திருந்த ரசத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சோற்றோடு நீட்டினேன். பால் இல்லை, நெய் இல்லை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “இது யார்?” என்று கேட்டார். என்ன என்று கேட்க வேண்டியதை அப்படிக் கேட்டாரா, என்னைத்தான் கேட்டாரா, தெரியவில்லை. பண்டிட்ஜி, “இவர் நம்ம மதராசி அன்னா” என்றார். அன்றிலிருந்து அவருக்கும் நான் அண்ணாதான்.

அவர் இந்தியும் என் இந்தியும் ஏறக்குறைய ஒரே தரம். டெல்லிக்காரர்கள் இரண்டையும் கேட்டுச் சிரிப்பார்கள். அதனால் அவரோடு பேச எனக்குப் பயமில்லை. அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மெஸ் இரண்டரைக்கு மூடும். கூட்டம் போனபின் மூன்று மணிக்கு நாங்கள் சாப்பிடுவோம். பண்டிட்ஜியும் மற்றவர்களும் கூடத்தில் டிவி பார்த்தபடி சாப்பிடுவார்கள். நான் அடுப்படிக்குப் பின்னால், காய்கறி மூட்டைப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். புதனும் வெள்ளியும் சரியாக அந்த மூன்று மணிக்கு அவருக்கு விரதம் முடியும். தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்துவிட்டார். உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“தனியாவா?”

நான் சிரித்தேன்.

அவர் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, நான் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் என் வாய்க்குள் வைத்துவிட்டார். அவர் ஊரில் அதற்குப் பெயர் குர்ஷா. பிரியப்பட்டவருக்குத் தன் கையால் ஊட்டுவது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு, நண்பனுக்கு, மாமியாருக்கு, யாருக்கும் ஊட்டலாம். ஊட்டவில்லை என்றால்தான் வருத்தப்படுவார்களாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இன்னொரு ஆளின் எச்சில் கை என் வாய்க்குள் போய்விட்டது என்பதுதான். என் அம்மா எனக்கு ஊட்டியதே நான்கு வயதோடு முடிந்துபோனது. அவர் தன் தட்டைக் குனிந்து பார்த்த நேரத்தில் எழுந்து, குழாயடிக்குப் போய், துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன். திரும்பி வந்தபோது, “காரமா?” என்று கேட்டார். “ஆமா” என்றேன்.

அதோடு விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் எச்சில் என்றால் என்ன என்று அவருக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மூன்று வருடம் சொல்லவில்லை.

அந்த மூன்று வருடத்தில் வாரத்துக்கு இரண்டு கவளம். அது எனக்குப் பழகியது. பிறகு பிடித்தும் போனது. எங்கள் வீட்டில் இட்லி தோசை மாவு மூன்று நாள் ஆனால் என் மனைவி கொட்டிவிடுவாள். ஒரு நாள் அப்படிக் கொட்ட இருந்த மாவில் தோசை சுட்டு எடுத்துப் போனேன். வாயில் வைத்தால் முகம் சுளிக்கும் புளிப்பு. அவர் ஊர் ரொட்டியும் புளித்த மாவில் செய்வதுதானாம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். “இதை ஏன் இத்தனை நாள் மறைச்சே? அடுத்த தடவை இன்னும் ரெண்டு நாள் வச்சுக் கொண்டா” என்றார். என் மனைவியிடம் சொன்னேன். “அந்த மனுஷனுக்கு வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் புடிப்பாங்க” என்றாள். ஆனாலும் அதற்குப் பிறகு மாவைக் கொட்டவில்லை.

நான் போனில் ஊருக்குப் பேசும்போது “சாப்டாச்சா?” என்று கேட்பதை அவர் கவனித்திருக்கிறார். அர்த்தம் சொன்னேன். “அவங்க சாப்பிடலைன்னு சொன்னா டெல்லியிலேருந்து நீ என்ன பண்ணுவே?” என்றார். “சாப்பிடுன்னு சொல்லுவேன்.” “அவ்வளவுதானா!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு ஜூலை மாதம், விடுதிக்குப் புது மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பையன் கும்பகோணம் பக்கம். எம்.ஏ. படிக்க வந்தவன், வீட்டைவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை. தட்டில் எதையும் தொடாமல் கிளறிக்கொண்டே இருப்பான். மூன்று நாள் பார்த்தேன். போய்ப் பேச எனக்குத் தயக்கம். டாக்டர் சாப்பிடம்தான் சொன்னேன்.

“அந்தப் பையன் எங்க ஊர்ப் பக்கம். மூணு நாளா சரியா சாப்பிடலை. தனியா உக்காந்திருக்கான்.”

யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று நான் யோசிக்கவில்லை. மறுநாள் மத்தியானம், கூடம் நிறைந்திருந்தபோது, டாக்டர் சாப் அவன் எதிரில் போய் உட்கார்ந்தார். “சாப்டாச்சா?” என்று தமிழில் கேட்டார். அந்தப் பையன் திகைத்து நிமிர்ந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அது போதாதா? சாம்பார் சோற்றுக் கவளம் உள்ளே போய்விட்டது.

பையன் மேசையிலேயே துப்பினான். குமட்டிக்கொண்டு வாயைப் பொத்தியபடி வெளியே ஓடினான். கூடமே சிரித்தது. யாரோ போனில் படம் எடுத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எல்லாப் போனிலும் இருந்தது. இரவே பையன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான்: சீனியர் ஒருவர் எல்லோர் முன்னாலும் என் வாயில் பலவந்தமாக உணவைத் திணித்தார்.

இப்போது கல்லூரிகளில் ராகிங் என்ற சொல் வந்துவிட்டால் போதும், பியூனிலிருந்து பெரிய அதிகாரி வரை நடுங்குவார்கள். கமிட்டி போட்டார்கள். நிரூபணமானால் விடுதியிலிருந்து வெளியேற்றம், படிப்பிலிருந்தும் நீக்கலாம். படிப்பு போனால் விசா போகும். அவருக்கு ஆராய்ச்சி முடிய நான்கு மாதம்தான் பாக்கி. மூன்று வருடத்துக்கும் மேலாகப் பெண் குழந்தைகளைப் போனில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். கமிட்டி கூடும் வரை இரண்டு நாளும் அவர் சுற்றிச் சுற்றி ஒன்றையே சொன்னார்: “நான் என்ன தப்பு பண்ணினேன்? பசியா இருந்தான், ஊட்டினேன்.”

அன்று பரிமாறிக்கொண்டிருந்தது நான். அதனால் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

ஏசி அறை. மூன்று பேராசிரியர்கள், நடுவில் இருந்தது ஒரு அம்மா. ஒரு பக்கம் டாக்டர் சாப் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு பக்கம் அந்தப் பையன். நான் ஏப்ரனைக் கழற்ற மறந்து அப்படியே போய் நின்றேன்.

“பயப்படாமச் சொல்லுங்க. அவர் சம்மதம் கேக்காம வாயில போட்டாரா இல்லையா?” என்று அந்த அம்மா இந்தியில் கேட்டார்.

இல்லை என்று சொன்னால் பொய். “போட்டார் மேடம்” என்றேன். டாக்டர் சாப் தலையைக் குனிந்துகொண்டார். ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் அதை எழுதினார்.

அங்கேயே நான் வெளியே வந்திருக்கலாம். வரவில்லை.

“எனக்கும் போட்டார் மேடம்.”

“என்ன?”

“எனக்கும் போடுவார். மூணு வருஷமா. புதன், வெள்ளி. அவங்க ஊர்ல அது மரியாதை. நம்ம ஊர்ல அது எச்சில். ரெண்டும் எனக்குத் தெரியும். அவருக்கு ஒண்ணுதான் தெரியும். முதல் நாள் நானும் துப்பினேன் மேடம். இந்தத் தம்பி மாதிரியே. ஆனா இந்தத் தம்பி எல்லார் முன்னாடியும் துப்பிச்சு. நான் குழாயடிக்குப் போய் மறைஞ்சு துப்பினேன். அவர் கேட்டப்போ காரம்னு பொய் சொன்னேன். அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னிக்கு இது நடந்திருக்காது. தப்பு என்னுது.”

டாக்டர் சாப் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கமிட்டியைவிட அந்தப் பார்வைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த அம்மா பையன் பக்கம் திரும்பி, “உனக்கு இது தெரியுமா?” என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்து, தமிழிலேயே கேட்டான்.

“நெஜமாவா அண்ணா? வம்பு பண்ணலையா அவர்?”

“இல்ல தம்பி. நீ சாப்பிடலைன்னு நான்தான் போய்ச் சொன்னேன்.”

“எங்க வீட்ல அப்பா டம்ளரைக்கூட நாங்க தொட மாட்டோம்ண்ணா. எச்சில், பத்துன்னு அவ்ளோ பார்ப்பாங்க. அந்தக் கை வாய்க்குள்ள போனதும் எனக்குப் பொரட்டிண்டு வந்துடுத்து. எல்லாரும் சிரிச்சாளே, அதான் தாங்கல.”

பிறகு கமிட்டியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அந்த அம்மா எனக்காக அதை இந்தியில் சொன்னார்: “புகாரை வாபஸ் வாங்கறானாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா மரியாதையா வேண்டாம்னு சொல்லியிருப்பானாம்.” மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சாப் எழுந்து அந்தப் பையன் முன் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். படம் எடுத்துப் பரப்பியவனைத்தான் கடைசியில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள்.

விஷயம் முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ரசம் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். அவர் வந்தார். தட்டை வாங்கினார். “ஷுக்ரியா” என்று நன்றி சொன்னார். பின்பக்கம் வராமல், காலியான கூடத்தில் ஒரு கோடியில் போய், ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டார். தனியாக.

அடுத்த புதனும் அப்படியே. “டாக்டர் சாப் ரூட்டிக்கிட்டார்” என்று பண்டிட்ஜி வருத்தமாகச் சொன்னார். கோபித்துக்கொண்ட குழந்தையைப் பற்றிச் சொல்வது போல.

அதற்கடுத்த வெள்ளி, என் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனேன். இருபத்தைந்து வருடத்தில் அங்கே நான் பரிமாறியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. டிவி பக்கம் இருந்த பண்டிட்ஜி சத்தத்தைக் குறைத்தார். நான் டாக்டர் சாப் எதிரில் உட்கார்ந்தேன்.

“முதல் நாள் துப்பினே. சரி. ரெண்டாவது நாள்?” என்றார்.

“ரெண்டாவது நாளும்.”

“மூணாவது நாள்?”

“முழுங்கிட்டேன்.”

“ஏன்?”

“அன்னிக்கு நீங்க நல்லாப் பிசைஞ்சிருந்தீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “மூணு வருஷம் நான் ஊட்டினேன். நீ ஒரு தடவைகூடத் திருப்பி ஊட்டலை. கூச்சக்காரன்னு நினைச்சேன். எங்க ஊரா இருந்தா இதுக்கே சண்டை வந்திருக்கும்.”

திருப்பி ஊட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை. அப்போதுதான் உறைத்தது, சொல்லாமல் இருந்தது நான் மட்டுமில்லை. சோற்றைப் பிசைந்து உருட்டினேன்.

“ஊட்டட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். தாடியைத் தடவிக்கொண்டு கமிட்டிக்காரர் மாதிரி யோசித்தார். “எழுதிக் கொடு” என்றார். பிறகு வாயைத் திறந்தார்.

பாதி வாய்க்குள் போனது, பாதி தாடியில் ஒட்டியது. மென்று விழுங்கிவிட்டு, “இவ்வளவு சிறுசா? கஞ்சன்! எங்க ஊர்ல கவளம் எவ்வளவு பெருசோ பிரியம் அவ்வளவு பெருசு” என்றார்.

இரண்டாவதை ஒரு பந்து அளவுக்கு உருட்டி வைத்தேன். அதன்பின் அவரால் மெல்லவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. கண்ணில் நீர் வர, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி என்னிடம் என்னவோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. நான் எல்லாவற்றுக்கும் “ஆமா, ஆமா” என்று தலையாட்டிக்கொண்டே என் தட்டில் கை வைத்தேன்.